ஒரே மலைக்கு நாலு தடவை

வணக்கம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஒயிட் மவுண்டன்ஸ் மலைகளைப் பற்றி வானொலியில் பேச முடியுமா என்று கேட்டதும் உடனே சரி என்று சொல்லிவிட்டேன், ஏனென்றால் பதினோரு வருடமாகக் குடும்பத்தோடு போய்வரும் இடம் அது. பாஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்கு வழி சொல்லத் தேவையில்லை, 93ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே இரண்டு, இரண்டரை மணி நேரம். நம்மவர்கள் பெரும்பாலும் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கிளம்பி, சிவந்த இலைகளைப் பார்த்து, போட்டோ எடுத்து, ராத்திரிக்குள் திரும்பிவிடுவார்கள். அந்த மலையைப் பார்த்தாயிற்று என்று ஒரு கணக்கு. நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: அதே மலைக்கு வருடத்தில் நாலு தடவை போங்கள், போகும் நாளில் ஒரே ஒரு இடம் பாருங்கள்.

முதலில் ரயிலைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். மவுண்ட் வாஷிங்டன், 6,288 அடி உயரம், அதன் உச்சிக்கு ஒரு பற்சக்கர ரயில் போகிறது. ஒரு ஜூன் மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு மேட்டுப்பாளையத்தில் ஏறி ஊட்டிக்குப் போனவர். ரயிலடியில் நின்றதும் அவர் மலையைப் பார்க்கவில்லை, குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தார். "கல்லாறு தாண்டினதும் நடுவுல பல்லு வருமே, இங்க ஆரம்பத்துலயே இருக்கு பாரு" என்று என் மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு, "ஆனா நம்மது பல்லு, இது ஏணி" என்றார். அது உண்மை. இரண்டு இரும்புச் சட்டங்களுக்கு நடுவே ஏணிப்படி போலக் கம்பிகள், எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறது. எஞ்சின் கீழே இருந்து தள்ளும், பெட்டி மேலே இருக்கும், அதுவும் நம் ஊட்டி ரயில் மாதிரியேதான்.

இதைக் கட்டியவர் சில்வெஸ்டர் மார்ஷ். 1858இல் மாநிலச் சட்டமன்றத்தில் அனுமதி கேட்டபோது, நிலாவுக்கே ரயில் விடட்டுமே என்று ஒரு உறுப்பினர் கேலி செய்ததாக இன்றும் அங்கே சொல்வார்கள். 1869இல் ரயில் உச்சிக்குப் போய்விட்டது. ஊட்டி ரயில் குன்னூர் வரை வந்தது 1899இல், அதாவது முப்பது வருடம் கழித்து. ஊட்டி ரயில் மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடி ஓடினால் ஓர் அடி ஏறும். இங்கே யாக்கோபின் ஏணி என்ற மரப்பாலத்தில் அதே 12 அடிக்கு நாலரை அடி. அந்த இடத்தில் பெட்டியின் முன்வரிசைக்காரர் பின்வரிசைக்காரரைவிடக் கிட்டத்தட்ட ஒரு மாடி உயரத்தில் இருப்பார். என் மகள் முன்னால், அம்மா பின்னால், "பாட்டி, நீ கீழ் வீட்ல இருக்க" என்று அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

மேலே போனால் ஒன்றுமே தெரியவில்லை. முழு மூடுபனி, காற்று ஆளைத் தள்ளுகிறது. கூட வந்தவர்கள் சிலருக்கு முகமே வாடிவிட்டது. ஆனால் அங்கே ஒரு பழைய கட்டடம் இருக்கிறது, காற்று தூக்கிப் போகாமல் இருக்கக் கூரைக்கு மேலாகச் சங்கிலி போட்டுத் தரையோடு கட்டியிருப்பார்கள். 1934 ஏப்ரல் 12ஆம் தேதி அந்த உச்சியில் இருந்தவர்கள் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்றை அளந்தார்கள். மகள் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்தப் பயணத்தில் பிடித்தது எது என்று கேட்டால் இன்றைக்கும் சங்கிலிதான். அதனால் சொல்கிறேன், தெளிவான வானத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், ஆனால் கோடையானாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும், காற்று அதற்கு மேல்.

சின்னக் குழந்தைகளுக்கு ஸ்டோரி லேண்ட் என்ற கேளிக்கைப் பூங்கா இருக்கிறது, 1954இலிருந்து நடக்கிறது, நல்ல இடம். எங்களுக்கு இன்னும் பிடித்தது ஃபிராங்கோனியா கணவாயில் இருக்கும் ஃப்ளூம் என்கிற பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் 70, 90 அடிக்குக் கருங்கல் சுவர், நடுவில் ஓடை, பக்கத்திலேயே மரப்பலகை நடைபாதை. 1808இல் இதைக் கண்டது 93 வயதுப் பெண்மணி, மீன் பிடிக்கப் போன இடத்தில் என்று சொல்வார்கள். வயதானவர்களைக் கூட்டிப் போகும்போது இந்தக் கதையை முதலில் சொல்லிவிடுங்கள், அப்புறம் அவர்கள் நடப்பதைப் பாருங்கள். மொத்தச் சுற்று மூன்று கிலோமீட்டர், படிகள் உண்டு, மெதுவாகப் போனால் போதும்.

பக்கத்திலேயே கிழவர் முகப் பாறை இருந்தது. வீட்டில் கால் டாலர் காசுகளைத் தேடிப் பாருங்கள், 2000ஆம் ஆண்டின் நியூ ஹாம்ப்ஷயர் காசில் அந்த முகம் இருக்கும். 2003 மே 3ஆம் தேதி முகம் சரிந்து விழுந்துவிட்டது. இப்போது ஏரிக்கரையில் இரும்புத் தண்டுகள் நட்டிருக்கிறார்கள், உங்கள் உயரத்துக்குக் குறித்த இடத்தில் நின்று பார்த்தால் தண்டின் முனையும் மலையும் சேர்ந்து பழைய முகம் தெரியும். குழந்தை கையில் அந்தக் காசைக் கொடுத்து நிற்க வையுங்கள்.

இலையுதிர் காலம் உங்களுக்கே தெரியும், அதனால் சுருக்கமாக. பகலில் வெயில், ராத்திரியில் குளிர் என்று இருந்தால் சிவப்பு நன்றாக ஏறும். மஞ்சள் இலையில் ஏற்கெனவே இருக்கிறது, பச்சை போனதும் வெளியே தெரிகிறது, சிவப்போ அந்தச் சமயத்தில்தான் உண்டாகிறது. மலைகளுக்கு நடுவே போகும் கான்கமேகஸ் சாலையில் ஏறுவதற்கு முன் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், 55 கிலோமீட்டருக்கு பங்க் கிடையாது. முடிந்தால் வார நாளில் போங்கள். சனிக்கிழமை போனால் முன்னால் போகும் காரைத்தான் பார்ப்பீர்கள்.

யாரும் போகாத மார்ச் மாதத்தைத்தான் நான் அதிகம் சிபாரிசு செய்வேன். ராத்திரி உறைபனி, பகலில் உருகும் வெயில், அப்போதுதான் மேப்பிள் மரத்தில் சாறு இறங்கும். கிட்டத்தட்ட 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. கொட்டகைக்குள் ஆவி நிறைந்திருக்கும், பதநீர் காய்ச்சும் வாசனை தெரிந்தவர்களுக்கு அந்த இடம் உடனே பிடித்துவிடும். சேறு இருக்கும், பழைய ஷூ போதும். மே பாதியிலிருந்து ஜூன் வரை கறுப்பு ஈ கடிக்கும், அதற்கு முழுக்கைச் சட்டை.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் பாக்கி, பனிக்காலத்தை இன்னும் தொடவே இல்லை. சரி, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முதல் தடவையே ஸ்கீ வேண்டாம், காற்றடைத்த ரப்பர் டியூபில் உட்கார்ந்து சறுக்கும் சரிவுக்குப் போங்கள், அதற்குப் பயிற்சி தேவையில்லை. பருத்தித் துணியும் ஜீன்ஸும் போடாதீர்கள், நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளி அல்லது பாலியெஸ்டர், மேலே காற்றுத் தடுக்கும் கோட்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு ஜோடி கையுறை, முதல் ஜோடி அரை மணி நேரத்தில் நனைந்துவிடும். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் காலையிலேயே
கிளம்புங்கள். வணக்கம்.