சொந்தத் தடத்தில் பனிச்சறுக்குப் போட்டி: சாதகமா, பாதகமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன். "அண்ணா, என் தம்பி நார்வேயில் லில்லேஹாமரில் படிக்கிறான். அங்கே போய் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்குக் கற்றுக்கொண்டான். விடுதிக்குப் பின்னால் உள்ள தடத்தில்தான் பயிற்சி. இப்போது அதே தடத்தில் உள்ளூர் கிளப் நடத்தும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். 'இது என் தடம் அக்கா, கண்ணை மூடிக்கொண்டு போவேன்' என்கிறான். சொந்தத் தடத்தில் போட்டி போடுவது உண்மையிலேயே சாதகமா? சாப்பிட இங்கிருந்து ஏதாவது அனுப்பலாமா?"

காட்பாடி வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனியைப் பற்றிப் பேசுகிறான் என்று சிரிக்காதீர்கள். அந்த நாட்டில் வேலை பார்த்த காலத்தில் குளிர்காலமெல்லாம் எனக்கும் இதே பைத்தியம்தான்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். சொந்தத் தடம் இறக்கத்தில் காப்பாற்றும்; ஏற்றத்தில் ஏமாற்றும். தம்பி இறக்கத்தை மட்டும் கணக்கில் வைத்துப் பேசுகிறார்.

டிவியில் மலை உச்சியிலிருந்து வழுக்கிக்கொண்டு வருகிறார்களே, அது வேறு. கிராஸ் கன்ட்ரியில் ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். சர்வதேசப் போட்டித் தடங்களையே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏற்றம், ஒரு பங்கு இறக்கம், ஒரு பங்கு மேடும் பள்ளமும் என்றுதான் அமைக்கிறார்கள். காலில் மாட்டும் பனிச்சறுக்குக் கட்டை மெல்லியது, ஓரத்தில் இரும்பு விளிம்பு கிடையாது. காலணியின் முன்பக்கம் மட்டும்தான் கட்டையோடு பூட்டியிருக்கும், குதிகால் தூக்கினால் தூக்கும். ஏறுவதற்கு இது வசதி. ஆனால் வேகமாக இறங்கும்போது ஒரு வளைவு வந்தால் வயிற்றைக் கலக்கும்.

இங்கேதான் உள்ளூர்க்காரனுக்கு லாபம். மரங்களுக்கு நடுவே தடம் சரிந்து வலப்பக்கம் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரனுக்கு வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. கட்டைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்துத் தேய்த்து வேகத்தைக் குறைப்பான். உள்ளூர்க்காரன் குனிந்தபடியே போவான், வளைவில் நாலு சின்னச் சின்ன எட்டு வைத்துத் திரும்பிவிடுவான். அவன் காப்பாற்றிய வேகம் அடுத்த மேட்டில் பாதி தூரம் அவனைச் சும்மாவே தூக்கிக்கொண்டு போகும்.

இன்னொரு லாபம் மெழுகு. கட்டையின் அடியில் இரண்டு வகை மெழுகு பூசுவார்கள். முன்னும் பின்னும் வழுக்குவதற்கு ஒன்று. அதை இஸ்திரிப் பெட்டி போன்ற கருவியால் உருக்கி ஊற்றி, ஆறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, பிரஷ் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். மேசைக்கு அடியில் மெழுகுத் தூள் குவிந்து கிடக்கும். பாரம்பரிய முறையில் (கட்டைகளை இணையாக வைத்து) ஓடுபவர்களுக்குப் பாதத்தின் கீழே மட்டும் பிடிமானம் தரும் மெழுகும் வேண்டும். பொதுவாகக் கடுங்குளிருக்குப் பச்சை, கொஞ்சம் குறைந்தால் நீலம், பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஊதா, ஈரப்பனிக்குச் சிவப்பு. உருகி மறுபடி உறைந்த பனி என்றால் கிளிஸ்டர் என்ற பசைதான். பலாப்பழம் அறுத்த கையைப் போல் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். பள்ளத்தில் குளிர் தேங்கி நிற்கும், வெயில் படும் சரிவில் பனி இளகியிருக்கும். ஒரே தடத்தில் இரண்டு விதப் பனி. எது எங்கே என்பது தினமும் போகிறவனுக்குத்தான் தெரியும். ஃப்ளோரின் கலந்த மெழுகைச் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து தடை செய்துவிட்டது. யாராவது பழைய டப்பாவை நீட்டினால் தம்பி வாங்க வேண்டாம்.

இப்போது ஏற்றத்துக்கு வருவோம். பழகிய மேட்டில் பழகிய வேகம் என்று ஒன்று உண்டு. எந்த மரத்தருகில் மூச்சு வாங்கும், எங்கே தீரும் என்பதெல்லாம் உடம்புக்கே தெரியும். ஆனால் அது பயிற்சி வேகம். போட்டியில் பின்னால் ஒருவன் இரைத்துக்கொண்டு வருவான். ஓரத்தில் விடுதிப் பையன்கள் பேர் சொல்லிக் கத்துவார்கள். 'இந்த மேடு நமக்குத் தெரிந்ததுதானே' என்று தம்பி ஒரு முடுக்கு முடுக்குவார். மேடு தீர்ந்த பிறகுதான் கால் கல்லாகியிருப்பது தெரியும். அதோடு போட்டி நாளில் வழக்கமான சுற்றை வெட்டி ஒட்டியிருப்பார்கள், சில இடங்களில் எதிர்த் திசையில் விடுவார்கள். அவர் தினமும் சுகமாக இறங்கும் சரிவே அன்றைக்கு ஏற்றமாக நிற்கும்.

நம் பக்கத்து எருது விடும் விழாவில் பார்த்திருப்பீர்கள். தட்டிகளுக்கு நடுவே தெருவில் காளை ஓடுகிறது, குறைந்த நேரத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டினால் பரிசு. சொந்த ஊர்க் காளைக்குத் தெரு அத்துப்படி. ஆனாலும் தெரிந்த குரல் கேட்டால் தலையைத் திருப்பும். அந்த நேரத்தில் பக்கத்து ஊர்க் காளை பரிசைத் தட்டிக்கொண்டு போய்விடும்.

பெரிய ஆட்களுக்கும் இதே கதைதான். 1994 குளிர்கால ஒலிம்பிக் தம்பி இருக்கும் அதே லில்லேஹாமரில்தான் நடந்தது. ஆண்கள் தொடர் ஓட்டம், நான்கு பேர், ஆளுக்கு 10 கிலோமீட்டர். நார்வே அணியில் கடைசி ஆள் பியோர்ன் டேலி, அந்தக் காலத்தின் முடிசூடா மன்னர். சொந்த மண், சொந்தத் தடம், ஓரமெல்லாம் சொந்த ஜனம். இத்தாலியின் சில்வியோ ஃபவுனர் அவருக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து கடைசி நேரத்தில் முந்திவிட்டார். 40 கிலோமீட்டர் ஓடிய பிறகு வித்தியாசம் 0.4 வினாடி. அந்த இத்தாலிய அணியின் முதல் ஆள் மவுரிலியோ டி சோல்ட்டுக்கு அப்போது வயது 43. எனக்கு மிகவும் பிடித்த விவரம் இது.

மறுபக்கமும் உண்டு. 2025 உலக சாம்பியன்ஷிப் நார்வேயின் ட்ரோன்ஹைமில் நடந்தது. அந்த ஊரில் வளர்ந்த யோஹன்னஸ் கிளேபோ ஆறு போட்டிகளில் இறங்கி ஆறிலும் தங்கம் வென்றார். ஆனால் அது தடம் கொடுத்த வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். வேறு நாட்டுப் பனியிலும் அவர் ஜெயிக்கிறவர்தான். தடம் அவரைக் கெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே தம்பிக்கு நான் சொல்வது இதுதான். முதல் நாளே போட்டித் தடத்தை அன்றைக்குரிய திசையில் ஒருமுறை மெதுவாகச் சுற்றட்டும். ஏற்றங்களில் பார்த்ததை நம்பட்டும், பழகியதை அல்ல. முதல் மேட்டில் நாலு பேர் முந்தினால் முந்தட்டும். எல்லோரும் சேர்ந்து கிளம்பும் போட்டியாக இருந்தால் அங்கேதான் நெரிசல். ஊன்றுகோல் முறிவதும் அங்கேதான். இறக்கத்தில் அவருடைய வித்தையைக் காட்டிக்கொள்ளலாம்.

சாப்பாட்டு விஷயம். பால்கோவா, நெய் இனிப்பு எதுவும் வேண்டாம். பால், இறைச்சிப் பொருள்களைத் தபாலில் நார்வேக்கு அனுப்பக்கூடாது, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். ஆம்பூர் பிரியாணியை மறந்துவிடுங்கள். கடலை மிட்டாய் அனுப்பலாம். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியில் அது பல்லை உடைக்கும். உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பக்கத்து நாடான சுவீடனில் 90 கிலோமீட்டர் வாசலோப்பெட் போட்டியில் வழியெல்லாம் சூடான புளூபெர்ரி சூப் கொடுப்பார்கள். இனிப்பாக, கஞ்சிப் பதத்தில் இருக்கும். தம்பியின் போட்டியிலும் அதுபோல் ஏதாவது கொடுத்தால் வாங்கிக் குடிக்கட்டும். ஆனால் பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் அன்றைக்கு வயிற்றுக்குள் தள்ள வேண்டாம்.

போட்டி முடிந்ததும் நேரத்தை எனக்கு எழுதுங்கள் சகோதரி. மொத்த நேரம் மட்டும் போதாது. முதல் பாதி எவ்வளவு, இரண்டாம் பாதி எவ்வளவு என்று தனித்தனியாக வேண்டும். முதல் மேட்டில் அவர் என்ன செய்தார் என்பதை அதை வைத்தே சொல்லிவிடுகிறேன்.