ஐ.சி.யூ.ல 10 நாள்... தொடை எங்க போச்சு?

[திரையில்: சுவரோட ஒட்டிப் போட்ட நாற்காலி, ஸ்டாப்வாட்ச்]

மக்களே, கையை நெஞ்சுக்குக் குறுக்க கட்டிக்கிட்டு, நாற்காலியில 5 தடவை எழும்பி உட்காருங்க. 12 நொடியோ அதுக்கு மேலயோ ஆச்சா? 2019 ஆசிய தசைக்குறைவு அளவுகோல்படி உடல் செயல்திறன் குறைவு. எத்தனை நொடின்னு கமெண்ட்ல போடுங்க, பொய் சொல்லப்படாது!

நுரையீரல் தொற்று முத்தினவங்களுக்கு தசை ஏன் கரையுதுன்னு பின்னணியை வேகமா சொல்லிடுறேன். கொரோனாவோ இன்ஃப்ளூயன்சாவோ நுரையீரல்ல முத்தினா உடம்பு முழுக்க அழற்சி. எதிர்ப்பு செல்களுக்கும் கல்லீரலுக்கும் அமினோ அமிலம், அதாவது புரதத்தோட துண்டுகள் வேணும். சோறு இறங்காத நேரத்துல உடம்பு தசையை உடைச்சு எடுக்கும். கூடவே படுத்தே கிடக்குறதும் ஸ்டீராய்டு மருந்தும் தசையைக் கரைக்கும்.

2013ல வெளியான லண்டன் ஆய்வுல, தீவிர சிகிச்சை நோயாளிகளோட முன்தொடைத் தசையை அல்ட்ராசவுண்ட்ல அளந்தாங்க. 10 நாள்ல கிட்டத்தட்ட 18 சதவீதம் காலி! வென்டிலேட்டர்ல இருந்தா மூச்சை இழுக்குற தசையான உதரவிதானமும் மெலியும். சளியை இருமித் தள்ளவே வலு இருக்காது.

[திரையில்: ஒரு தட்டு மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), சாளை (மத்தி மீன்) கறி]

இப்ப நமக்குப் பிடிச்ச இடம். தேறி வர்ற 60 கிலோ ஆளுக்கு தினம் 72 முதல் 90 கிராம் புரதம் வேணும். ஆனா நம்ம வீட்டுல என்ன நடக்குது? 'காய்ச்சல்காரனுக்கு கஞ்சித்தண்ணி.' கஞ்சியும் பயறும்னு வெச்சா, பயறை ஒதுக்கிட்டு தண்ணியை மட்டும் குடிப்பாரு. கதாநாயகனே பயறுதான்! வெந்த சிறுபயறு ஒரு கப்புல 14 கிராம் புரதம் இருக்கு. மரச்சீனி 300 கிராம் தின்னாலும் 5 கிராம் தேறாது. கூட வர்ற சாளைதான் வேலையைச் செய்யுது: 200 கிராம் சதையில 40. ரெண்டு முட்டைக்கு 12. விலை கூடுன புரதப் பொடி டப்பாவை விட குளச்சல் சாளையே மேலுன்னு அடிச்சுச் சொல்வேன். ஒரே நேரத்துல திணிக்காம மூணு வேளைக்குப் பிரிங்க. கிட்னி கோளாறு உள்ளவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான்.

தின்னுட்டு படுத்தே கிடந்தா தசை வராது. அதே நாற்காலியில 5 தடவை, நாளுக்கு மூணு வேளை. வாரத்துக்கு ரெண்டு ரெண்டா கூட்டுங்க. மறுநாள் எழும்பவே முடியாத அசதி வந்தா பாதியா குறைங்க. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர்ல ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழ இறங்கினா உடனே உட்காருங்க, ஏறலைன்னா ஆஸ்பத்திரி.

காய்ச்சலோட தசை கடுமையா வலிச்சு, மூத்திரம் கட்டன் சாயா (பால் விடாத டீ) நிறத்துல போகுதா? தசை உடைஞ்சு கிட்னியை அடைக்கலாம். வீடியோவை இப்பவே நிறுத்திட்டு கேஷுவால்டிக்குக் கிளம்புங்க, லைக்கெல்லாம் அப்புறம் போடலாம்.