பச்சையப்பர் விட்டுச் சென்ற பணம்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் சேத்துப்பட்டுப் பக்கம் போகிறவர்கள் பேருந்து நிறுத்தத்திலும் மெட்ரோ நிலையத்திலும் பச்சையப்பன் கல்லூரி என்ற பெயரை நாள்தோறும் கேட்கிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் கல்லூரி எதையும் தொடங்கவில்லை என்பதையும், கல்லூரி தொடங்க வேண்டும் என்று அவர் எழுதி வைக்கவும் இல்லை என்பதையும் சொன்னால் பலர் வியப்படைகிறார்கள். இன்று நான் பேச விரும்புவது அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

பச்சையப்ப முதலியார் 1754ஆம் ஆண்டு பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். ஆதரவற்று நின்ற குடும்பத்துக்குச் சென்னையில் நாராயண பிள்ளை என்ற துபாஷி அடைக்கலம் கொடுத்தார். வெள்ளைக்கார வணிகருக்கும் ஊர்க்காரருக்கும் நடுவே நின்று கொள்முதல், கடன், வரி வசூல் என எல்லாவற்றையும் முடித்துக் கொடுப்பது துபாஷியின் வேலை. அந்தத் தொழிலைக் கற்று, தஞ்சை அரசர் வரையில் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பச்சையப்பர் உயர்ந்தார்.

அவர் கோமளீசுவரன்பேட்டையில் குடியிருந்தார். காலையில் கூவம் ஆற்றில் நீராடிவிட்டு, கரையோரத்திலிருந்த கோமளீசுவரரை வழிபடுவது அவருடைய வழக்கம் என்று சொல்லப்படுகிறது. ஆம், நேயர்களே, நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற அதே கூவத்தில்தான். இந்தச் செய்தியை நான் போகிற இடமெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூவத்தின் பழைய தூய்மையை நினைத்து ஏங்குவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். எனக்கோ, அந்த மனிதரின் மனம் எங்கே இருந்தது என்பதைக் காட்டும் சாட்சி அது. நீராட்டு, கோயில், அன்னதானம் ஆகியவையே அவருக்கு அறம். சிதம்பரத்தின் கிழக்குக் கோபுரத் திருப்பணிக்கு அவர் பொருள் கொடுத்ததும், 1794 மார்ச்சில் எழுதிய உயிலில் காசி முதல் குமரி வரையுள்ள கோயில்களின் தருமங்களுக்குச் சொத்தை ஒதுக்கியதும் அந்த மனத்திலிருந்து வந்தவையே. உயில் எழுதிய சில நாட்களிலேயே, நாற்பது வயதில், திருவையாற்றில் காலமானார்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். ஆண் வாரிசு இல்லை. உறவினர்கள் வழக்காடினார்கள், தருமத்துக்கென்று வைத்த பணம் தருமத்துக்குப் போகாமல் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. வாய்தாவுக்கு மேல் வாய்தா என்றால் என்ன என்பதைக் கோர்ட்டுப் படியேறிய எந்தக் குடும்பத்துக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தை மீட்டே ஆக வேண்டும் என்று விடாமல் நின்றவர்களில் முதன்மையானவர், சென்னையின் அட்வகேட் ஜெனரலாக, அதாவது அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன். கோயில் தருமங்களுக்கு வேண்டியதை ஒதுக்கிய பிறகு, வட்டியும் சேர்ந்து பெருகியிருந்த மிச்சத்தை இந்து இளைஞர்களின் கல்விக்குப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு 1841இல், அப்போது சென்னையில் இருந்த சுப்ரீம் கோர்ட்டின் வழியாக உறுதியாயிற்று. உயில் எழுதி 47 ஆண்டுகள் ஆகியிருந்தன! கொடுத்தவரின் பெருமையை நாம் வாயாரச் சொல்கிறோம். கணக்குக் கேட்டவர்களை மறந்துவிடுகிறோம். கணக்குக் கேட்பதற்கு ஆளில்லாமல் போயிருந்தால், இந்தப் பணம் இருந்த இடம் தெரியாமல் கரைந்திருக்கும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் இன்றும் எத்தனையோ ஊர்களில் அறக்கட்டளை நிலங்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

1842 ஜனவரி முதல் நாள் பிராட்வேயில் பள்ளி தொடங்கியது. 1850இல் எஸ்பிளனேடில் பச்சையப்பன் மண்டபம் திறக்கப்பட்டது. ஏதென்சு நகரத்துக் கோயில் ஒன்றை மாதிரியாகக் கொண்ட அதன் பருத்த தூண்களை, உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, கடைகளின் நெரிசலுக்கு மேலே தலையை நிமிர்த்தினால் இன்றும் காணலாம்.

நேரம் முடியப் போகிறது என்று நிலையத்தார் கையசைக்கிறார்கள். மற்றவற்றைச் சுருக்கியே சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளி 1889இல் கல்லூரியாயிற்று. கணிதமேதை இராமானுசன் 1906இல் இங்கே சேர்ந்து, கணிதத்தில் சிறந்தும் மற்றப் பாடங்களில் தேறாமல் போனார். பேரறிஞர் அண்ணா இங்கே படித்தார். 1940இல் கல்லூரி சேத்துப்பட்டுக்கு மாறியது. இந்து மாணவர்களை மட்டுமே சேர்ப்பது என்றிருந்த கட்டுப்பாடு 1947இல் நீங்கி, எல்லாச் சமயத்தவருக்கும் கதவு திறந்தது. காஞ்சிபுரத்திலும் கடலூரிலும் உள்ள கல்லூரிகளையும் இதே அறக்கட்டளை நடத்துகிறது. அவற்றைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை. வணக்கம்.