340 ரூபாய் கைடில் இப்படியா போடுவார்கள்?

வணக்கம் மக்களே! வெளியே மழை, அதனால் இன்றைக்கு மொட்டைமாடி இல்லை, அறைக்குள் உட்கார்ந்தே பேசுகிறேன். போன வீடியோவில் புது கைடு வாங்கப் போவதாகச் சொன்னேன் இல்லையா, வாங்கிவிட்டேன். 340 ரூபாய். பத்து சதவீதமாவது குறைப்பார்கள் என்று பார்த்தேன், ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை, மாற்றியும் தர மாட்டார்களாம். எனக்கு நாலு நாள் மெஸ் சாப்பாட்டுக் காசு அது! பிரித்த இரண்டாம் நாளே பார்க்கிறேன், 112ஆம் பக்கத்தில், ஆசிய நாடுகளின் வளர்ச்சித் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் ஆசிய வளர்ச்சி வங்கியின் தலைமையகம் டோக்கியோ என்று இருக்கிறது.

மணிலா மக்களே, மணிலா! 1965 கடைசியில் இதற்காகவே ஆசிய-பசிபிக் நாடுகள் ஓட்டுப் போட்டன. கடைசிச் சுற்றில் மணிலாவுக்கு 9, டோக்கியோவுக்கு 8. ஒரே ஓட்டில் ஜப்பான் கைவிட்டுப் போன இடத்தை இந்த கைடு சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டது.

ஆனால் கட்டடம்தான் மணிலாவுக்குப் போனது, நாற்காலி போகவில்லை. 1966இல் டகேஷி வதனபே தொடங்கி இப்போது மசாட்டோ காண்டா வரை 11 தலைவர்களும் ஜப்பானியர்கள்தான். அட, முக்கியமானதை விட்டுவிட்டேன், விதியில் ஜப்பானியர்தான் வேண்டும் என்றே கிடையாது, தலைவர் இந்த வட்டார உறுப்பு நாட்டுக்காரராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் தலா 12.75 சதவீதம் போல ஓட்டு, சீனாவுக்கும் இந்தியாவுக்கும் ஐந்து சொச்சம்தான். பணம் போட்டவன் பேச்சுதான் எடுபடுகிறது, எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சரி, சீனா 2016இல் பெய்ஜிங்கில் தொடங்கிய ஏஐஐபி, அதாவது ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, இதற்கு மாற்றாக இருக்கும் என்று போன மாதம் கமெண்டில் சிலர் எழுதியிருந்தீர்கள். அங்கே தலைவரைத் தேர்ந்தெடுப்பது, மூலதனத்தைக் கூட்டுவது போன்ற பெரிய முடிவுகளுக்கு 75 சதவீத ஓட்டு வேண்டும். சீனாவிடம் மட்டும் 26க்கு மேல் இருக்கிறது. நூறில் 26 போனால் 74. மற்ற எல்லா நாடுகளும் ஒன்றாகக் கை தூக்கினாலும் சீனா தலையாட்டாமல் இந்தப் பெரிய முடிவுகள் எதுவும் நகராது, இத்தனைக்கும் அடுத்த பெரிய பங்குதாரர் இந்தியாதான்! தேர்வுக்குப் படிப்பவர்கள் தலைமையகத்தின் பெயரோடு இந்தக் கழித்தலையும் எழுதி வையுங்கள்.

இதோ, கேமராவில் தெரிகிறதா? டோக்கியோவை அடித்துவிட்டு சிவப்பு மையில் மணிலா என்று எழுதியிருக்கிறேன், பக்கத்திலேயே 9–8.