ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குப் போகாதிருக்க

நேயர்களுக்கு வணக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டில் பற்றும் தீ, மற்றவர்கள் பத்திரமாக வெளியேறும் வரையிலாவது அந்த வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருக்க வேண்டும். நம் ஊரில் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமுமாகக் கட்டுவதால் இந்தத் தேவையில் பெரும்பகுதி தானாகவே நிறைவேறிவிடுகிறது. சிக்கலெல்லாம் அவற்றில் பிறகு நாம் போடும் ஓட்டைகளில்தான்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் மின்கேபிள்கள் மேலேறும் ஷாஃப்டின், அதாவது மாடிதோறும் ஊடுருவிச் செல்லும் செங்குத்துப் பாதையின், கதவைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு தளத்திலும் கேபிளைச் சுற்றி அடைத்திருக்க வேண்டிய இடத்தில், பல கட்டடங்களில் கீழ்த்தளத்து வெளிச்சம் தெரியும். தீப்பிடித்தால் அது புகைபோக்கியாகிவிடும். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, இத்தகைய ஷாஃப்டின் சுவர் 120 நிமிடம் தீயைத் தாங்க வேண்டும் என்கிறது. மின் ஷாஃப்டின் கதவுக்கும் அதே 120 நிமிடம், மற்ற ஷாஃப்டுகளின் கதவுக்கு 60 நிமிடம். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்பிரே ஃபோமை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்பவர்கள் உண்டு. அதுவே எரியக்கூடிய பொருள். தீத்தாங்கும் தரச்சான்று பெற்ற பூச்சையும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலக்காத கனிமக் கம்பளியையும் கொண்டுதான் அடைக்க வேண்டும். பிவிசி கழிவுநீர்க் குழாயின் கதை வேறு: சுற்றிலும் சிமென்ட் பூசியிருந்தாலும் சூட்டில் குழாய் உருகி, அதன் அளவுக்கு வழி திறந்துவிடும். ஆகவே சூடேறினால் உப்பிப் பெருகி, உருகும் குழாயை நெரித்து மூடும் வளையத்தை அங்கே பொருத்துகிறார்கள்.

அடுத்தது கதவு. 2017 ஜூனில் லண்டனின் 24 மாடி கிரென்ஃபெல் கோபுரத்தில் நான்காம் மாடிச் சமையலறையில் தொடங்கிய தீ, வெளிச்சுவரில் ஒட்டியிருந்த எரியக்கூடிய பலகைகளைப் பற்றி ஏறியது. 72 பேர் உயிரிழந்தனர். அங்கே பல வீட்டுக் கதவுகளில் தானாக மூடும் விசை சரியாக இல்லாததால், வீட்டுக்குள் நுழைந்த புகை மாடியின் பொது நடைக்கூடத்துக்கும் பரவியதை விசாரணை ஆணையம் பதிவுசெய்தது. புகையைத் தடுக்க மூடியே இருக்க வேண்டிய நம் படிக்கட்டுக் கதவுகளின் கதி என்ன? காற்று வரட்டும் என்று செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருப்பதையே நான் அதிகம் காண்கிறேன்.

குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு யோசனை. இணையக் கேபிளோ ஏசி குழாயோ போட வருபவர் பொதுச் சுவரைத் துளைத்தால், அந்தத் துளையை முறையாக அடைத்துப் படம் எடுத்துக் காட்டிய பிறகே பணம் தரப்படும் என்று வேலை அனுமதிச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.