அப்பா காட்டிய ஆந்தை

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குள்ளே ஒரு கழிவுநீர்க் கான் ஓடுகிறது. பூப்பார்க்க வருகிறவர்கள் அந்த இடத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுவார்கள். எங்களைப் போன்ற சிலர் மட்டும் மார்கழிக் குளிரில், காதை மூடிய தொப்பியோடு, அதன் ஓரத்திலேயே மணிக்கணக்காக நிற்போம். எல்லாம் ஆறுமணிக் குருவிக்காக. இந்தியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வந்து தங்கிப் போகும் குருவி அது. பச்சை முதுகு, கட்டை வால், வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. சருகைப் புரட்டிப் புரட்டிப் புழு தேடும். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் விசில் அடிப்பதால்தான் அந்தப் பெயர்.

'என்னத்த தம்பி மேலயும் கீழயும் பாத்துக்கிட்டு நிக்கிற?' என்று எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பில் கேட்காதவர்கள் இல்லை. அப்படிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரு படத்தின் பெயர்: 'த பிக் இயர்'. 2011இல் வந்தது. ஸ்டீவ் மார்ட்டின், ஜாக் பிளாக், ஓவன் வில்சன் மூவரும் நடித்தது. ஒரே வருடத்துக்குள் வட அமெரிக்காவில் யார் அதிக இனப் பறவைகளைப் பார்ப்பது என்பதுதான் போட்டி. 1998இல் மூன்று பேர் உண்மையிலேயே இப்படி ஓடியிருக்கிறார்கள். அலாஸ்காவின் மேற்குக் கோடியில் இருக்கிற அட்டு தீவு வரைக்கும் படத்தில் போகிறார்கள்.

பரிசுப் பணம் கிடையாது. பார்த்ததற்குச் சாட்சியும் கேட்பதில்லை. பார்த்தேன் என்றால் பார்த்ததுதான், குரலைக் கேட்டாலும் கணக்கில் சேரும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. முழுக்க முழுக்க மனிதனுடைய வாக்கை நம்பி நடக்கிற போட்டி! படம் நம்மைச் சிரிக்க வைக்கிறது, ஆனால் அந்த மனிதர்களை ஓரிடத்திலும் கேலி செய்யவில்லை. முதலிடம் பிடிக்கிறவரை விட்டு மனைவி பிரிந்துபோகிறார். அதைக்கூட ஏசாமல், வருத்தத்தோடுதான் காட்டுகிறார்கள்.

படத்தில் ஜாக் பிளாக்கின் அப்பாவாக வருகிறவருக்கு மகனுடைய இந்தப் பைத்தியம் துளியும் பிடிக்காது. அவருக்கு இதயக் கோளாறு வேறு. இருந்தும் ஒருநாள் ஆந்தை தேடி இருவரும் பனிக்காட்டுக்குள் போகிறார்கள். முன்னே நடந்த மகன் திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். பதறி ஓடி வருகிறான். அப்பா அசையாமல் இருக்கிறார். சத்தம் போடாதே என்று சைகை செய்து, மேலே காட்டுகிறார். பெரிய சாம்பல் ஆந்தை!

என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 'குருவி பாத்தா சோறு கெடைக்குமா?' என்று எத்தனையோ தடவை கேட்டவர். போன மழைக்காலத்தில் கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி, சின்னப் போனில் இந்தப் படத்தை அவருக்குப் போட்டுக் காட்டினேன். ஆந்தை வந்த இடத்தில் நான் ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அப்பா போனிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையைப் பிடித்து அமத்தினார்.

'மெதுவாப் பேசு தம்பி, பறந்துரும்.'