எல்லாரும் எடுக்கிறார்கள் என்று போர்டு வைத்தால் என்ன ஆகும்? டூரிஸ்ட் மனசு பற்றி ஒரு வீடியோ

வணக்கம் மக்களே. இன்றைக்கு மலை, அருவி, ட்ரோன் ஷாட் எதுவும் கிடையாது. வீட்டில் உட்கார்ந்துதான் பேசப்போகிறேன், நடுவில் மிக்ஸி சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டில் சட்னி அரைக்கிறார்கள். விஷயம் என்னவென்றால் போர்டு. சுற்றுலா இடங்களில் 'குப்பை போடாதீர்', 'சுவரில் எழுதாதீர்' என்று வைக்கிறார்களே, அந்தப் போர்டுகள். அதை யாராவது படிக்கிறார்களா, படித்தவர்கள் கேட்கிறார்களா என்று நிஜமாகவே எண்ணிப் பார்த்த ஆராய்ச்சிக்காரர்கள் இருக்கிறார்கள். அதைப் படிக்கப் படிக்க, கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிற எங்கள் கூட்டத்துக்கும் இதில் ஒரு குட்டு இருப்பது தெரிந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. கல்மரக் காடு. நம் விழுப்புரம் பக்கம் திருவக்கரையில் கல்மரப் பூங்கா பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான், ஆனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிடக்கும். இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் விழுந்து மண்ணில் புதைந்த மரங்கள், தண்ணீரில் கரைந்து வந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறி மரம் இருந்த இடத்தை எல்லாம் பிடித்துக்கொண்டு கல்லாகிவிட்டன. உடைந்த இடத்தில் சிவப்பு, மஞ்சள், ஊதா என்று பாலிஷ் போட்ட மாதிரி மின்னும். அது துண்டு துண்டாகக் காலடியில் கிடந்தால் கை சும்மா இருக்குமா? ஒன்றே ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுதானே தோன்றும்.

அதனால் பூங்காக்காரர்கள் ஒரு போர்டு வைத்திருந்தார்கள். உங்கள் பாரம்பரியச் சொத்து தினம் தினம் சூறையாடப்படுகிறது, ஆண்டுக்கு 14 டன் கல்மரம் திருட்டுப் போகிறது, அதுவும் பெரும்பாலும் சின்னச் சின்னத் துண்டாகப் போகிறது, இப்படி. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது, உருக்கமாகவும் இருக்கிறது. ராபர்ட் சியால்டினி என்று அரிசோனா ஸ்டேட் யூனிவர்சிட்டியில் ஒரு உளவியல் பேராசிரியர். அவருடைய மாணவர் ஒருவர் தனக்கு நிச்சயம் செய்த பெண்ணோடு அங்கே போயிருக்கிறார். அந்தப் பெண், இரவல் வாங்கின பேப்பர் கிளிப்பைக்கூடத் திருப்பிக் கொடுக்கிற ரகம். அவர் அந்தப் போர்டைப் படித்துவிட்டு, அப்படியென்றால் நாமும் நம் பங்கை இப்போதே எடுத்துக்கொள்வதுதான் நல்லது என்றாராம்! போர்டு சொல்ல வந்தது ஒன்று, அவர் காதில் விழுந்தது 'எல்லாரும் எடுக்கிறார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும்' என்பது.

பேராசிரியர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகவில்லை. நடைபாதை ஓரங்களில் அடையாளம் வைத்த கல்மரத் துண்டுகளைப் போட்டு, வாசலில் போர்டை மாற்றி மாற்றி வைத்து, எத்தனை துண்டு காணாமல் போகிறது என்று எண்ணினார்கள். ஒரு போர்டு, முன்பு வந்தவர்கள் பலர் கல்மரத்தை எடுத்துப் போய்விட்டார்கள், காட்டின் இயல்பே மாறிவிட்டது என்றது, கூடவே மூன்று பேர் எடுப்பது போலப் படம். இன்னொரு போர்டு, தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னது, படத்தில் ஒரே ஒரு ஆள், அவர் கைமேல் சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு. 'எடுக்காதீர்கள்' போர்டு இருந்தபோது போனது 1.67 சதவீதத் துண்டுகள். 'பலர் எடுத்துவிட்டார்கள்' போர்டு இருந்தபோது 7.92 சதவீதம். போர்டே இல்லாதபோது போனது 3 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதாவது அந்த அழுகைப் போர்டை வைப்பதற்குப் பதிலாகச் சும்மா இருந்திருந்தால் காணாமல் போன கல்லில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. நூறு ஆண்டுக்கு முந்தைய பழைய புகைப்படங்களை எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் நின்று திரும்பப் படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால், பெரும்பாலான இடங்களில் கல் அப்படியேதான் கிடக்கிறது. காடு காலியாகிக்கொண்டிருக்கிறது என்கிற புலம்பலே கொஞ்சம் மிகைதான். இன்னொரு பக்கம், எடுத்துப் போனவர்கள் மனசு உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு கல்லைப் பார்சலில் திருப்பி அனுப்புகிறார்கள். எந்த இடத்துக் கல் என்று தெரியாமல் திரும்ப அங்கே போட முடியாதே, போட்டால் ஆராய்ச்சிக் கணக்கு குழம்பிவிடும், அதனால் தனியாக ஒரு குவியலாகக் கொட்டிவைத்திருக்கிறார்கள். 'மனசாட்சிக் குவியல்' என்றே அதற்குப் பெயர். அந்தக் கடிதங்களில் பலபேர், கல்லை எடுத்ததிலிருந்து வீட்டில் எல்லாமே கெட்டதாக நடக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். சனி பிடித்த கதை அமெரிக்காவிலும் உண்டு போல.

சரி, அடுத்தது டவல். ஓட்டல் ரூமில் பாத்ரூம் கண்ணாடி ஓரத்தில் ஒரு அட்டை இருக்கும். டவலைக் கம்பியில் தொங்கவிட்டால் திரும்பப் பயன்படுத்துவீர்கள் என்று அர்த்தம், கீழே போட்டால் மாற்றுவோம், பூமியைக் காப்போம், ஒரு இலைப் படம். எனக்கு அதைப் பார்த்தால் உடனே லாண்டரி பில்தான் ஞாபகம் வரும். எனக்கு மட்டும் இல்லை, 1986-லேயே ஜே வெஸ்டர்வெல்ட் என்கிற அமெரிக்கச் சூழலியலாளர் இந்த டவல் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஓட்டல்காரர்களைக் கிழித்து எழுதிவிட்டார்.

சியால்டினி, நோவா கோல்ட்ஸ்டைன், விளாடாஸ் கிரிஸ்கெவிசியஸ் மூன்று பேரும் சேர்ந்து இதே அட்டையை வைத்துச் செய்த ஆய்வு 2008-இல் 'ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச்' இதழில் வந்தது. நடுத்தர ஓட்டல், 190 ரூம். பாதி அட்டையில் வழக்கமான சுற்றுச்சூழல் வாசகம். மீதியில், இங்கே தங்கும் விருந்தினர்களில் கிட்டத்தட்ட 75 சதவீதம் பேர் டவலைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள், நீங்களும் சேருங்கள் என்று. ரூம் சுத்தம் செய்கிறவர்கள்தான் கணக்கு எடுத்தார்கள். இங்கே எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம்: கதவுக் கொக்கியிலோ கைப்பிடியிலோ டவல் தொங்கினால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் சும்மா பழக்கத்தில் அங்கே மாட்டுகிறவர்கள் நிறைய. நானும் அங்கேதான் மாட்டுவேன். வழக்கமான அட்டைக்கு 35.1 சதவீதம், 'மற்றவர்கள் செய்கிறார்கள்' அட்டைக்கு 44.1. அப்புறம் இன்னொரு சுற்றில், 'இதே ரூமில் தங்கியவர்கள் இப்படிச் செய்தார்கள்' என்று ரூம் நம்பரோடு ஒரு அட்டை வைத்தார்கள், அது 49.3-க்குப் போனது. யோசித்துப் பாருங்கள், 204-ஆம் நம்பர் ரூமில் நேற்றுத் தங்கினவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? ஒரு மண்ணும் இல்லை. ஆனாலும் ஒரே இடம், ஒரே கட்டில் என்கிற அந்த அற்ப ஒட்டுதலே வேலை செய்கிறது.

உடனே போய் எல்லா இடத்திலும் 75 சதவீதம் என்று ஒட்டிவிடாதீர்கள். ஜெர்மனியில் ஓட்டல்களில் இதைத் திரும்பச் செய்து பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள், அங்கே இந்த வித்தை எடுபடவில்லை, சாதாரண அட்டைக்கே பெரும்பாலானவர்கள் டவலைத் தொங்கவிட்டுத்தான் இருந்தார்கள். ஏற்கெனவே செய்கிறவனிடம் போய் ஊரே செய்கிறது என்றால் அவன் என்ன செய்வான்? பிறகு 2016-இல் இப்படிப்பட்ட ஏழு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, மொத்தத்தில் பார்த்தால் இந்த உத்திக்குப் பலன் இருக்கிறது என்றுதான் வந்தது. ஊருக்கு ஊர் அளவு மாறும், அவ்வளவுதான்.

சியால்டினி, கோல்ட்ஸ்டைன், கிரிஸ்கெவிசியஸ் மூவரும் செய்த இன்னொரு டவல் சோதனை எனக்கு இன்னும் சுவாரசியம். நீங்கள் டவலைத் திரும்பப் பயன்படுத்தினால், மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைச் சுற்றுச்சூழல் அமைப்புக்குக் கொடுப்போம் என்று ஒரு அட்டை. உங்கள் சார்பில் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம், கொஞ்சம் ஒத்துழையுங்கள் என்று இன்னொரு அட்டை. இரண்டாவதுதான் தெளிவாக ஜெயித்தது. நிபந்தனை போட்டால் பேரம், முதலில் கொடுத்துவிட்டால் கடன்பட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

ஓட்டல் என்றதும் பஃபேயை விட்டுவிட முடியுமா? காலை டிபன் ரூம் வாடகையோடு சேர்த்தி என்றால் நம் ஆட்கள் தட்டைப் பார்க்க வேண்டுமே, இட்லிமேல் பூரி, பூரிமேல் ஆம்லெட், ஓரத்தில் தர்பூசணி, அதுமேல் சாம்பார் வழிகிறது. இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. நார்வேயில் 2013-இல் வெளிவந்த ஒரு ஆய்வு. சில ஓட்டல்களில் தட்டின் அளவைச் சின்னதாக்கினார்கள், வேறு சில ஓட்டல்களில் ஒரு சின்ன அறிவிப்பு: திரும்பத் திரும்ப வாருங்கள், ஒரேயடியாக நிறைய எடுப்பதைவிட அதுதான் நல்லது, என்று. இரண்டுமே வீணாகும் சாப்பாட்டைச் சுமார் 20 சதவீதம் குறைத்தன. அந்த அறிவிப்பில் பட்டினி கிடக்கும் குழந்தை படம் இல்லை, உணவை வீணாக்காதீர் என்கிற அதட்டல் இல்லை, இன்னும் ஒருமுறை எழுந்து வந்தால் யாரும் ஒருமாதிரி பார்க்க மாட்டார்கள் என்கிற தைரியம் மட்டும்தான். மலை மாதிரி குவிக்கிறவர்களில் பாதிப்பேர் பேராசையால் குவிக்கவில்லை, இரண்டாம் தடவை போகக் கூச்சப்பட்டுத்தான் குவிக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். இன்னொன்று ஸ்லொவேனியாவில், குடும்பத்தோடு வருகிறவர்கள் தங்கும் ஓட்டலில். தட்டைக் காலி செய்தால் ஒரு ஸ்டாம்ப், சேர்த்து வைத்தால் பிள்ளைகளுக்குச் சின்னப் பரிசு. தட்டில் மிச்சம் வைப்பது 34 சதவீதம் குறைந்தது. பிள்ளைகள் அப்பா தட்டை நோட்டம் விட ஆரம்பித்தால் எந்த அப்பா மிச்சம் வைப்பார்!

பசிபிக் கடலில் பலாவ் என்று ஒரு குட்டித் தீவு நாடு, 2017 கடைசியிலிருந்து விமான நிலையத்தில் உங்கள் பாஸ்போர்ட்டிலேயே ஒரு உறுதிமொழியை முத்திரையாகக் குத்துகிறார்கள். பலாவின் குழந்தைகளே, உங்கள் தீவைப் பாதுகாப்பேன் என்று அந்தக் குழந்தைகளைப் பார்த்துச் சொல்வது போல இருக்கும். கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். யாரையும் திட்டவில்லை, முன்னால் வந்தவன் பவளத்தை உடைத்தான் என்று கதை சொல்லவில்லை.

இப்போது எங்கள் கூட்டத்துக்கு வருகிறேன். யூடியூபில் ஏதாவது ஒரு அருவி பெயரைப் போட்டுத் தேடுங்கள். 'நாசமாய்ப் போன அருவி! மக்களே இப்படியா?' என்று சிவப்பு எழுத்தில் ஒரு தம்ப்நெயில், தண்ணீர் பாட்டில் குவியலுக்குப் பக்கத்தில் தலையில் கைவைத்துக்கொண்டு ஒருவர். நல்ல மனசோடுதான் எடுத்திருப்பார். வியூஸும் அள்ளும், கோபத்துக்கு எப்போதும் கூட்டம் கூடும். ஆனால் அது அந்த 14 டன் போர்டேதான், லட்சம் பேர் பார்க்கிற சைஸில். இந்த வாரம் அங்கே கிளம்புகிறவன் கையில் காலி பாட்டில் இருக்கும்போது அவன் மனசில் ஓடுவது நம் அறிவுரை இல்லை, நாம் காட்டின குவியல்.

அதற்காகக் குப்பையை மறைத்துவிட்டு அழகை மட்டும் காட்டச் சொல்லவில்லை, அது சுற்றுலா விளம்பரம் செய்கிற வேலை, அதைவிடப் பெரிய பொய். நான் கேட்பது எண்ணிக்கையைக் கொஞ்சம் நேர்மையாகப் பாருங்கள் என்றுதான். அருவிக்கு ஆயிரம் பேர் வந்து நூறு பேர் பாட்டிலை வீசிவிட்டுப் போனாலும் நூறு பாட்டில் கண்ணை உறுத்தும், மீதித் தொள்ளாயிரம் பேர் பையில் போட்டுக்கொண்டு இறங்கியதை ஃபிரேமுக்குள் கொண்டுவர யாரும் மெனக்கெடுவதில்லை. அப்படி ஒரு இடத்தில் பெரும்பாலானவர்கள் ஒழுங்காக இருந்தால் அதைச் சொல்லலாம். உண்மையிலேயே முக்கால்வாசிப் பேர் வீசுகிறார்கள் என்றால் பொய் சொல்ல வேண்டாம், எத்தனை பேர் என்று புலம்பவும் வேண்டாம், 'வீசாதீர்கள், தொட்டி அந்தப் பக்கம் இருக்கிறது' என்று ஒரு வரி போதும். தொட்டி நிஜமாகவே அந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

இந்தச் சேனலில் இனிமேல் குவியல் ஷாட்டைத் தம்ப்நெயிலாகப் போடமாட்டேன். வியூஸ் குறையும், தெரியும். பாறையில் பெயர் கிறுக்கியிருப்பதை க்ளோஸப்பில் காட்டி அந்தக் காதல் ஜோடிக்கு விளம்பரம் கொடுக்கவும் மாட்டேன்.

உங்களிடம் ஒரு உதவி. கோட்டை, கடற்கரை, காட்டு செக்போஸ்ட், எங்கே போர்டு கண்டாலும் எழுத்து தெரிகிற மாதிரி படம் எடுத்து இடத்தின் பெயரோடு கம்யூனிட்டி பக்கத்தில் போடுங்கள். 'இத்தனை பேர் செய்கிறார்கள்' வகை எது, 'செய்யாதீர்கள்' வகை எது என்று பிரித்து அடுத்த வீடியோவில் பேசலாம். 'குரங்குக்கு உணவு கொடுக்காதீர்' போர்டுமேல் குரங்கே உட்கார்ந்து சிப்ஸ் தின்கிற படம் மட்டும் வேண்டாம் மக்களே, அது எக்கச்சக்கமாக வந்துவிட்டது.